மீசையை எடுத்த சிஸ்டர்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கச்சி கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். நீ, அத்தான், பிள்ளைகள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? உன் இடுப்பு வலி எந்த மட்டில் இருக்கிறது? போனில் பேசினால் நமக்கு உடனே சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாதே!

என்னை வார்டு மாற்றிவிட்டார்கள். வயதானவர்களும் ரொம்ப முடியாதவர்களும் இருக்கும் வார்டு. ஜன்னலைத் திறந்தால் ஒரு சைக்கிள் ஸ்டாண்டும் பேக்கரியின் பின்வாசலும் தெரியும். ரொட்டி வாசனையில் நாள் முழுக்கப் பசி எடுத்துக்கொண்டே இருக்கிறது. இங்கே ஹெட் சிஸ்டருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் இடி. சத்தம் முதலில் வரும், ஆள் பின்னால் வருவார். என்னோடு ஜோடியாக வேலை பார்க்கிற ஆண் நர்ஸுக்குப் பெயர் நெட்டை. அவன் பக்கத்தில் குளுக்கோஸ் ஸ்டாண்டே குள்ளமாகத் தெரியும்.

இந்த வார்டில் ஒரு புது வேலை கற்றுக்கொண்டிருக்கிறேன். கையில் சாப்பாட்டுத் தட்டு இருந்தால் கீழே வைத்துவிட்டுப் படி. யாராவது இறந்துபோனால் நாங்கள் திரையை இழுத்து மூடி, இரண்டு பேராகச் சேர்ந்து அவர்களைத் தயார்செய்கிறோம். குழாய்களையெல்லாம் எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் உடம்பைத் துடைத்து, கண்ணை மூடி, தலை சீவி, சுத்தமான உடுப்பும் புது விரிப்பும் போட்ட பிறகுதான் வீட்டுக்காரர்களை உள்ளே விடுவோம். வேலை முடியும்வரை அவர்களிடம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது இடியின் சட்டம். "அம்மா, இப்போ வலது கையைத் தூக்கறேன்", "ஐயா, லேசா திரும்பிக்குவோமா" என்று. முதல் நாள் நெட்டை, "ஸாரிம்மா, என் கை சில்லுன்னு இருக்கா?" என்று கேட்டுவிட்டான். கேட்டவனும் நானும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றோம்.

பல்செட் இருந்தால் உடனே வைத்துவிட வேண்டும், நேரமானால் வாய் இணங்காது. போன வாரம் நெட்டை அவசரத்தில் பக்கத்துக் கட்டிலின் டம்ளரைத் தூக்கிவிட்டான். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "டேய் நெட்டப்பயலே, நான் இன்னும் இருக்கேன்டா! என் பல்ல வை!" என்று ஒரு பொக்கைவாய்க் குரல். உயிரே போய்விட்டது எங்களுக்கு.

பயமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. நீயும் பயப்படாதே.

அன்புடன்,
உன் வாண்டு

*

பிப்ரவரி 20

அடி வாண்டு,

உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். இங்கே எல்லோரும் சௌக்கியம். என் இடுப்பும் என்னைப் போலவே பிடிவாதமாக இருக்கிறது.

தட்டைக் கீழே வைக்கச் சொன்னாய், நான் வைக்கவில்லை. அந்த வேளைச் சாப்பாடு போச்சு. உன் அத்தான் பல்செட் இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்கென்ன, மீசையை நீவிக்கொண்டு இரண்டாம் தரம் வேறு படித்தார்.

உன்னைச் சின்னதிலிருந்து வளர்த்தவள் நான். காய்ச்சல் மருந்தை வாயில் ஊற்றினால் துப்பிவிட்டு ஓடியவள் நீ. உனக்கு எதற்கு இந்த வேலை? எங்கள் தெருமுனையில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டரம்மாவிடம் உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். ஊசி, கட்டு, சளி, இருமல், அவ்வளவுதான். எல்லோரும் நடந்து வருவார்கள், நடந்தே போவார்கள். ஜூலைவரை இடத்தை வைத்திருப்பதாகச் சொன்னார். நீ எங்களோடேயே இருந்துகொள்ளலாம்.

நான் ஆஸ்பத்திரி வாசலையே மிதிப்பதில்லை, உனக்குத் தெரியும். ஏன் என்று கேட்டு எழுதாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அக்கா

*

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சாப்பாட்டைக் கெடுத்த பாவி நலமாக இருக்கிறேன். இடுப்புக்கு வெந்நீர்ப் பை வைத்துப் பார். புட்டி புட்டியாகத் தைலம் வாங்கி வீடு முழுக்க நாறடிக்காதே.

கிளினிக் பேச்சை நான் தட்டவில்லை. ஜூனில் எனக்கு இங்கே வேலையை நிரந்தரமாக்குவார்கள், இல்லாவிட்டால் வீட்டுக்கு அனுப்புவார்கள். அதுவரை பார்க்கட்டுமா?

ஒன்று சொல்கிறேன், கோபப்படாமல் கேள். உயிரோடு இருக்கும்போது அவர்களை நிதானமாகப் பார்க்க எங்களுக்கு எங்கே நேரம்? ஒருத்தருக்கு மாத்திரை கொடுக்கும்போதே அடுத்தவர் மணியடிப்பார். திரைக்குள் போன பிறகுதான் அவசரமே இல்லாமல் ஒரு மனுஷரைப் பார்க்கிறேன். நேற்று ஒரு தையல்காரர் இறந்துபோனார். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் குத்திக் காய்த்திருந்தது. இத்தனை நாளும் அந்த விரலில்தான் நாடி பார்க்கிற கிளிப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாளும் கவனித்ததில்லை.

கன்னத்தில் பிளாஸ்டர் பசை போகவே மாட்டேன் என்றது. இடி எட்டிப் பார்த்து, "எண்ணெய் தொட்டுத் தேய். நாம ஒட்டினத நாமதான் எடுக்கணும், அவரோட அனுப்பக் கூடாது" என்றார். தொட்டுத் தொட்டு எடுத்தேன். தையல்காரரின் மகள் வந்து பார்த்து, "அப்பா நல்லாத் தூங்கறாரு" என்றாள். நேற்று முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அக்கா. வேறு யாரிடமாவது சொன்னால் பைத்தியம் என்பார்கள். உன்னிடம் சொல்லலாம்.

அன்புடன்,
வாண்டு

*

மார்ச் 17

அடி வாண்டு,

வெந்நீர்ப் பை வேலை செய்கிறது. நீ சொன்ன புத்திமதியில் ஒன்றாவது பலித்ததே என்று சந்தோஷப்பட்டுக்கொள். மற்றபடி எல்லோரும் சுகம்.

டாக்டரம்மா உன் போட்டோ கேட்டார். வாயைப் பிளந்து சிரிக்கிற போட்டோதான் கைக்குக் கிடைத்தது, கொடுத்துவிட்டேன். மாடி அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தையல்காரர் கதையைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதுகிறாய். ஆனால் நீ எழுதுவதெல்லாம் திரைக்கு உள்ளே இருந்து எழுதுவது. அவ்வளவுதான் சொல்வேன்.

இப்படிக்கு,
அக்கா

*

ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம்தான். நீங்கள் எல்லோரும் சுகம்தானே? கடிதம் தாமதமானதற்கு வேலைதான் காரணம்.

எங்கள் கேன்டீனில் ஒரு மெஷின் வந்திருக்கிறது. காபிப் பொத்தானை அமுக்கினால் சூப் வருகிறது, சூப்பை அமுக்கினால் வெந்நீர் வருகிறது, டீயை அமுக்கினால் உறுமுகிறது. நெட்டை அதற்கு ஒரு உதை கொடுத்தான், அன்றிலிருந்து எல்லாப் பொத்தானுக்கும் சூப்தான். பேக்கரிப் பின்வாசலில் ஒரு பூனை குட்டி போட்டிருக்கிறது. எல்லாம் மாவில் புரண்டு வெள்ளையாகத் திரிகின்றன. மழை வந்தால்தான் நிஜ நிறம் தெரியும்.

வார்டில் எல்லாம் எப்போதும்போல. டாக்டரம்மா கிளினிக்கைக் காலையில் எப்போது திறப்பார்? சும்மா கேட்டேன்.

அன்புடன்,
வாண்டு

*

ஏப்ரல் 19

அடி வாண்டு,

யாருக்குக் காது குத்துகிறாய்? மெஷினுக்கு அரைப் பக்கம், பூனைக்கு அரைப் பக்கம். இடியைக் காணோம், திரையைக் காணோம். கிளினிக் பக்கமே தலைவைத்துப் படுக்காதவள் திறக்கிற நேரத்தை விசாரிக்கிறாய். என்ன நடந்தது? யார் என்ன சொன்னார்கள்? உள்ளதை உள்ளபடி எழுது. இல்லாவிட்டால் உன் அத்தானை அனுப்பிவைப்பேன். அவர் வந்து உன் வார்டில் உட்கார்ந்து பாட்டுப் பாடுவார். அப்புறம் உன் நோயாளிகளுக்கு நான் பொறுப்பில்லை.

நாங்கள் நலம். நீ நலமில்லை என்று எனக்குத் தெரியும்.

அக்கா

*

ஏப்ரல் 26

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானை அனுப்பாதே. சொல்லிவிடுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, முதலில் அதை நம்பு.

ஒரு பெரியவர், பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவர். வேறொரு வார்டில் பல வாரம் நினைவில்லாமல் கிடந்துவிட்டு எங்களிடம் வந்தார். வரும்போதே முகம் மூடிய தாடி, அதன்மேல் ஆக்ஸிஜன் மாஸ்க். எனக்குத் தெரிந்த முகம் அதுதான். ஒரு காலையில் இறந்துபோனார். இவரை ஜம்மென்று அனுப்ப வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. வெதுவெதுப்பான துணியைப் போட்டு ஊறவைத்து, சோப்பு நுரை தடவி, நெட்டை தாடையைப் பிடித்துக்கொள்ள, மழமழவென்று எடுத்துவிட்டேன். தாடி, மீசை, எல்லாம். பேசிக்கொண்டேதான் செய்தேன். "ஐயா, வயசு குறைஞ்சுட்டீங்க போங்க" என்றுகூடச் சொன்னேன்.

திரையை விலக்கினோம். மகன் வந்தார். கட்டிலைப் பார்த்தார், தாண்டிப் போய் அடுத்த கட்டிலைப் பார்த்தார். திரும்பி வந்து, "எங்கப்பா எங்க?" என்றார். இவர்தான் என்றேன்.

"விளையாடறீங்களா? இது எங்கப்பா இல்ல. ஆள மாத்திட்டீங்க!"

காலில் கட்டியிருந்த பெயர்ச் சீட்டைக் காட்டினேன். அப்போதுதான் உற்றுப் பார்த்தார். "மீசை எங்க?" என்று கேட்டார். அக்கா, நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

ஊரறிந்த மீசையாம் அது. அவர் வண்டி ஓட்டிய காலத்தில் ஆட்கள் நம்பரைப் பார்க்க மாட்டார்களாம், கண்ணாடிக்குப் பின்னால் மீசையைப் பார்த்துவிட்டு ஏறுவார்களாம். மகன் கத்துகிறார், இடி ஓடி வருகிறார், நெட்டை என் காதில், "பேக்கரில ஒரு பிரஷ் வாங்கிட்டு வந்து ஒட்டிப் பாக்கலாமா?" என்கிறான். எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. கடைசியாகப் பெரியவரின் மனைவி வந்தார். அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். விரிப்பைக் கழுத்துவரை இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போய்விட்டார். மகன் கத்தியதைவிட அதுதான் என்னைக் கொல்கிறது.

மகன் புகார் கொடுத்திருக்கிறார். மே மாதம் விசாரணை. வேலை நிரந்தரமாவதும் அதைப் பொறுத்துத்தான். என்னை நம்பி ஒரு முகத்தைக் கொடுத்தார்கள், நான் வேறு யாரையோ திருப்பிக் கொடுத்திருக்கிறேன். நீ சொல்வதுதான் சரி போலிருக்கிறது. மாடி அறைக்கு ஜன்னல் இருக்கிறதா?

வாண்டு

*

மே 8

அன்புள்ள கொழுந்தியாளுக்கு,

அத்தான் எழுதுவது. என் நலத்தில் எள்ளளவும் குறைவில்லை. உன் அக்கா சொல்லி இதை எழுதவில்லை, அவள் எழுதாததால் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை வழக்கம்போல் அவள்தான் உரக்கப் படித்தாள். "மீசை எங்க" என்ற இடத்தில் நான் நாற்காலியிலிருந்து விழாத குறை. அவள் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் விரிப்பைச் சரிசெய்த இடம் வந்ததும் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே தேய்த்து வைத்த பாத்திரம். அன்றிலிருந்து வீட்டில் எல்லாம் பளபளக்கிறது, பேச்சுதான் இல்லை. பதில் போட்டாயா என்று கேட்டால், "போடுவேன்" என்கிறாள். என்ன நினைக்கிறாள் என்று எனக்கும் பிடிபடவில்லை.

என் பங்குக்கு ஒன்று. நான் தூங்கும்போது மீசையைக் கையால் பொத்திக்கொள்கிறேன் என்று பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். உன் வார்டில் முன்கூட்டியே சொல்லிவை. இந்த ஆளின் மீசை அப்பா அம்மா கொடுத்த சொத்தில்லை, சுயமாகச் சம்பாதித்தது. அதோடுதான் போவான்.

விசாரணையில் நிமிர்ந்து உட்கார். தப்புச் செய்தேன் என்று சொல். ஆனால் திருடியவள் முகத்தோடு சொல்லாதே. மாடி அறைக்கு ஜன்னல் உண்டு, சரியாக மூடாது.

உன் நலம் நாடும்,
அத்தான்

*

மே 23

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

உடம்பு நன்றாக இருக்கிறது. மனசுக்கும் காய்ச்சல் விட்டுவிட்டது. அக்கா, நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன்.

விசாரணை போன வாரம் நடந்தது. நீளமான மேஜை. அந்தப் பக்கம் அதிகாரிகள், இந்தப் பக்கம் நான், நெட்டை, இடி. நெட்டையின் முழங்கால் மேஜைக்குக் கீழே அடங்காமல் இடித்துக்கொண்டே இருந்தது. மகன் புகாரைப் படித்தார். நான் அத்தான் சொன்னபடி நிமிர்ந்து உட்கார்ந்து, தப்புச் செய்தேன் என்றேன். பிறகு அந்த அம்மாளைப் பேசச் சொன்னார்கள்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து இவரை மீசை இல்லாம நான் பாத்ததில்ல," என்றார். "அன்னிக்குத்தான் பாத்தேன். மேலுதட்டுல நீளமா ஒரு தழும்பு. இத்தன வருஷம் பக்கத்துலயே இருந்திருக்கேன், எனக்குத் தெரியாது. அதை மறைக்கத்தான் வளத்திருக்காரு போல. ஊரெல்லாம் வீரம்னு சொல்லிச்சு, மனுஷன் வெக்கத்த மூடி வெச்சிருந்திருக்காரு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மகன்கூட லேசாகச் சிரித்துவிட்டார். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

அம்மாள் என் பக்கம் திரும்பினார். "ஆனா உன்மேல எனக்குக் கோவம்தான். ஏம்மா, நான் வெளியில பெஞ்சுலதானே உக்காந்திருந்தேன்? ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. அந்த மீசைய எப்படி முறுக்கணும்னு எனக்கில்ல தெரியும்?"

எவ்வளவு மரியாதையாகச் செய்தாலும், எல்லாம் எங்களுக்கே தெரியும் என்கிற மாதிரிதான் நாங்கள் திரையை இழுத்துக்கொள்கிறோம். வெளியே உட்கார்ந்திருப்பவரைக் கேட்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றியதே இல்லை.

"இந்தப் பொண்ண வேலைய விட்டு அனுப்பிடாதீங்க," என்று அந்த அம்மாளே சொன்னார். "இவ இனிமே கேப்பா. புதுசா வர்றவ கேக்க மாட்டா."

எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். மறுநாளே இடி புதுச் சட்டம் போட்டுவிட்டார். திரையை இழுப்பதற்கு முன்னால் வெளியே போய், உட்கார்ந்து, கேட்க வேண்டும். நின்றுகொண்டு கேட்டால் செல்லாதாம். நேற்று மனைவியை இழந்த ஒருவரிடம் கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "மூக்குக்கண்ணாடியப் போட்டு விடும்மா. இல்லன்னா எதுவும் தெரியல, தெரியலன்னு என்னத் திட்டுவா" என்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுவிட்டோம்.

அக்கா, நான் கிளினிக்குக்கு வரவில்லை. வேலை நிரந்தரமானால் இங்கேயேதான் இருக்கப்போகிறேன். இப்போது விட்டுப் போனால் நான் செய்த வேலையில் அந்தத் தப்பு மட்டும்தான் மிஞ்சும். கோபித்துக்கொள். ஆனால் எழுது.

அன்புடன்,
வாண்டு

*

ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலம்தானா? வேலை நிரந்தரமாகிவிட்டது. நெட்டை எல்லோருக்கும் ரொட்டி வாங்கிக் கொடுத்தான். இடி அரைப் புன்னகை புரிந்தார், மீதி அரையை நான் ஒழுங்காக இருந்தால் தருவாராம்.

போன் செய்தால் அத்தான் எடுக்கிறார், நீ பாத்திரம் தேய்ப்பதாகச் சொல்கிறார். உன் வீட்டில் அவ்வளவு பாத்திரம் கிடையாது, எனக்குத் தெரியாதா? மாடி அறையை யாருக்கு வேண்டுமானாலும் கொடு. என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுது. நீ சண்டை போடாமல் இருப்பதுதான் தாங்கவில்லை.

வாண்டு

*

ஜூலை 2

என் கண்ணே வாண்டு,

வீட்டில் எல்லோரும் நலம். இடுப்பும் பரவாயில்லை. நேற்று டாக்டரம்மாவிடம் போய், "என் தங்கச்சி வர மாட்டா, அவளுக்கு அங்க வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன். வருத்தப்பட்டார். வாயைப் பிளந்த போட்டோ அவருக்கு ரொம்பப் பிடித்திருந்ததாம்.

உன்மேல் கோபம் இல்லை. எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை, அவ்வளவுதான். இப்போது சொல்கிறேன்.

அம்மா போனபோது நீ சின்னக் குழந்தை, பக்கத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாய். நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். வெளியே, பெஞ்சில். ரொம்ப நேரம் உட்காரவைத்துவிட்டுத்தான் கூப்பிட்டார்கள். உள்ளே போனால், யாரோ அம்மாவுக்கு நடுவகிடு எடுத்து, இரட்டைப் பின்னல் போட்டு, தோளுக்கு முன்னால் எடுத்து விட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. அம்மா வகிடே எடுக்க மாட்டாள். வாரி ஒரு முடிச்சு, அதற்குமேல் அவளுக்கு நேரம் இருந்ததில்லை. எனக்கு அது அம்மாவாகவே தெரியவில்லை. அந்த மகனைப் போலத்தான் நானும். கிட்டே போய்த் தொடாமலேயே வெளியே வந்துவிட்டேன். முகம் தெரியாத அந்த நர்ஸை இத்தனை வருஷமும் மனசுக்குள் திட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். நீ நர்ஸ் படிப்பில் சேர்ந்தபோது நான் அழுதது உன்னைப் பிரிகிறேனே என்றில்லை. நீயும் அவளைப் போல ஆகிவிடுவாயே என்றுதான்.

உன் மீசைக் கடிதம் வந்ததும் கோபம் திரும்பவும் பொங்கிவிட்டது. உன்மேலும்தான், பொய் சொல்வானேன். பிறகு மே மாதக் கடிதம். அந்த அம்மாள் கேட்ட கேள்வியை நானே கேட்ட மாதிரி இருந்தது. அழுது தீர்த்தேன். அதற்கப்புறம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது இன்னொன்று ஞாபகத்துக்கு வந்தது.

அம்மாவின் தலை கடைசியில் ஒரே சிக்குப் பிடித்துக் கிடந்தது. அவ்வளவு நாள் படுக்கை. நான் சீப்பை எடுத்தாலே, "விடுடி, வலிக்குது" என்பாள். நானும் விட்டுவிட்டேன். கத்தரித்துத்தான் எடுக்க வேண்டும் என்று பார்த்தவர்களெல்லாம் சொன்னார்கள். அந்த நர்ஸ் கத்தரிக்கவில்லை. இழை இழையாகப் பிரித்திருக்கிறாள். அதற்குத்தான் என்னை அவ்வளவு நேரம் வெளியே உட்காரவைத்திருக்கிறார்கள். பின்னலில் ஒரு முடி பிசிறாமல் இருந்தது, கண்ணை மூடினால் இப்போதும் தெரிகிறது. அவளும் பேசிக்கொண்டேதான் செய்திருப்பாள், இல்லையா? வலிக்குதாம்மா என்று கேட்டிருப்பாள்.

என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்தக் கோபம் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் நான் சீவாமல் விட்ட தலையை அவள்தான் சீவியிருக்கிறாள்.

அந்தப் பொண்ணு இப்போது எங்கே வேலை பார்க்கிறாளோ. அவளுக்கும் தூரத்தில் ஓர் அக்கா இருந்திருப்பாள். அன்று வேலை முடிந்ததும் உட்கார்ந்து, "இன்னிக்கு ஒரு அம்மாவுக்குச் சிக்கெல்லாம் எடுத்துப் பின்னிவிட்டேன்" என்று சந்தோஷமாக எழுதியிருப்பாள்.

உன்,
அக்கா